பெரிய நட்சத்திரங்கள் எங்கே கருக்கொள்கின்றன?

நோன்பு மாதத்து விடுமுறையை இம்முறை திம்புள்ளையில் உம்மாவின் வீட்டில் கழித்தேன். எங்கள் மலைப்பக்கத்துக்கு அது வரட்சிக் காலம். காய்ந்த காற்று வீசும்; தேயிலை மெதுவாகத் துளிர்க்கும்; அந்தக் கொழுந்துக்குத்தான் ஏலத்தில் நல்ல விலை. இரவிலோ வானம் கழுவித் துடைத்து வைத்தது போல இருக்கும். பக்கத்து வீட்டில் பெண்களுக்கான தராவீஹ் தொழுகை முடிந்து, தோட்டத்துப் பாதையால் நாங்கள் திரும்பி வரும்போது என் மூத்த சகோதரியின் மகள் வானத்தைக் காட்டிக் கேட்டாள்: "சாச்சி, அந்த மூணு நட்சத்திரத்துக்குக் கீழ புகை மாதிரி ஒண்டு ஈக்கி. அது என்ன?"

அவள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, உயர்தரத்தில் எந்தப் பிரிவு எடுப்பது என்ற கேள்வியோடு இருப்பவள். அவளுக்குக் கணிதப் பிரிவில் ஆசை. மச்சானுக்கு, அதாவது அவளுடைய வாப்பாவுக்கு, அதில் அவ்வளவு விருப்பமில்லை. வீட்டில் ஒரு வாரமாக அதே பேச்சு. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான். பாதையில் நின்று சொன்னதை விட இங்கே சற்று ஒழுங்காகச் சொல்ல முயல்கிறேன்.

மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில் நிற்பது ஒரையன் என்னும் வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டி. அரபு வானியலாளர் இக்கூட்டத்தை 'அல் ஜவ்ஸா' என்றனர். வேட்டைக்காரனின் காலில் உள்ள நட்சத்திரத்துக்கு உலகம் முழுவதும் இன்று வழங்கும் பெயர் ரைஜல். கால் என்று பொருள்படும் 'ரிஜ்ல்' என்ற அரபுச் சொல்தான் அது. தோளில் செந்நிறமாக நிற்பதை நாம் திருவாதிரை என்கிறோம். மேல்நாட்டார் பெட்டல்ஜூஸ் என்பர். ஜவ்ஸாவின் கை என்னும் பொருளில் 'யதுல் ஜவ்ஸா' என்று எழுதப்பட்டிருந்ததை இலத்தீனுக்கு மாற்றியவர்கள் முதலெழுத்தில் ஒரு புள்ளியைக் கைவிட்டு, 'யா'வை 'பா'வாக வாசித்ததால் வந்த பெயர் இது என்பது அறிஞர் பலரின் கருத்து. மத்ரஸாவில் 'யா'வுக்கு இரண்டு புள்ளி, 'பா'வுக்கு ஒரு புள்ளி என்று அடி வாங்கிப் படித்த நமக்கு அந்தத் தவறு எப்படி நடந்திருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இடுப்புப் பட்டிக்குக் கீழே புகை போலத் தெரிவது ஒரையன் நெபுலா. அது 1,300 ஒளியாண்டுகளுக்குச் சற்று அப்பால் இருக்கிறது. அன்றிரவு என் மருமகளின் கண்ணில் பட்ட ஒளி, ஏறத்தாழ ஹிஜ்ரி முதல் நூற்றாண்டுக் காலத்தில் அங்கிருந்து புறப்பட்டது. அந்தப் புகையின் நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருங்கி நிற்கின்றன. அவற்றுள் பெரியது சூரியனைப் போல முப்பது மடங்குக்கும் மேலான திணிவுடையது. நெபுலா முழுவதையும் ஒளிரச் செய்வது பெரும்பாலும் அந்த ஒன்றுதான்.

சூரியனின் எட்டு மடங்குக்கு மேல் திணிவுடையவற்றைத்தான் வானியலில் பெரிய நட்சத்திரங்கள் என்பர். அவை அபூர்வம். ஆனால் அவை இல்லாவிட்டால் நாம் இல்லை. நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் பெரும்பகுதி அவற்றின் வயிற்றில் சமைக்கப்பட்டதே. தேயிலையைப் பச்சையாக வைத்திருக்கும் பச்சையத்தின் நடுவில் ஒரு மகனீசியம் அணு உண்டு. அதுவும் பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே. சூரியனின் ஆயுள் ஆயிரம் கோடி ஆண்டு. அதைவிட இருபது மடங்கு திணிவுடைய நட்சத்திரமோ ஒரு கோடி ஆண்டுக்குள் எரிந்து வெடித்து, சமைத்ததையெல்லாம் வெளியே வீசிவிடுகிறது. சொத்து அதிகம், செலவு அதைவிட அதிகம்.

இப்படிப்பட்ட ஒன்று எப்படிப் பிறக்கிறது என்று கேட்டால் ஒரையன் நெபுலாவில் பதில் கிடைக்காது. அங்கே பிறப்பு நடந்து முடிந்துவிட்டது. பெரிய நட்சத்திரம் பிறந்த உடனேயே கழியூதாக் கதிர்களாலும் கடுங்காற்றாலும் தன்னைச் சுற்றியிருந்த வாயுவைச் சூடாக்கிக் கலைக்கத் தொடங்கிவிடுகிறது. நாம் காணும் அழகிய புகை, உடைந்த தொட்டிலின் மீதிதான். உடையாத தொட்டிலைப் பார்க்க வேண்டுமானால் நட்சத்திரமே இல்லாத, ஒளியே இல்லாத இடத்தைத் தேட வேண்டும்.

அப்படிப்பட்ட இடங்கள் வானத்தில் இருப்பது நெடுங்காலமாகத் தெரியும். தெருவிளக்கு இல்லாத தோட்டத்தில் நின்று பால்வீதியைப் பார்த்தால் அதன் நடுவே கறுத்த கீற்றுகள் ஓடுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் வில்லியம் ஹேர்ஷல் விருச்சிகத்தில் இப்படியொரு வெற்றிடத்தைக் கண்டு, வானத்தில் ஓட்டை இருக்கிறது என்று வியந்ததாக அவருடைய தங்கை கரோலின் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதினார். (கரோலினும் வானியலாளர்தான். பல வால்வெள்ளிகளைக் கண்டுபிடித்தவர்.) அது ஓட்டை அல்ல, திரை. பின்னால் உள்ள நட்சத்திரங்களை மறைக்கும் தூசி.

இந்தத் தூசி என்ன என்று கேட்டவர்களுள் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். 1939இல் கொழும்பில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, கேம்பிரிட்ஜுக்குச் சென்ற சந்திரா விக்கிரமசிங்க. அதுவரை விண்வெளித் தூசி பனிக்கட்டித் துணிக்கைகள் என்றே பலர் எண்ணியிருந்தனர். 1962இல் அவரும் அவருடைய ஆசிரியர் பிரெட் ஹொய்லும், அதில் காபன் இருக்க வேண்டும், அதுவும் பென்சிற்கரி வடிவில் இருக்கலாம் என்று எழுதினர். பென்சிற்கரிக்குப் பேர்போன நாட்டிலிருந்து போனவர் விண்வெளியிலும் அதையே கண்டார் என்பது எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம். விண்வெளியிலிருந்து உயிர் வந்தது என்று பிற்காலத்தில் அவர் கூறியவற்றைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. ஆனால் தூசியில் காபனும் சிலிக்கேற்றும் உண்டு என்பது இன்று பாடப்புத்தகச் செய்தி. ஒரு துணிக்கை பொதுவாக மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியது. மேகத்தின் திணிவில் தூசி நூற்றில் ஒரு பங்குதான். மீதியெல்லாம் வாயு, பெரும்பாலும் ஐதரசன். ஆனால் மறைக்கும் வேலையைச் செய்வது அந்த ஒரு பங்கு.

இனி குளிருக்கு வருவோம். நட்சத்திரம் நெருப்பு; நெருப்பு பிறக்கும் இடம் ஏன் குளிராக இருக்க வேண்டும்?

மலையகத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி தெரியும். ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுவது எந்த இரவில்? முகில் மூடிய இரவில் அல்ல. வானம் தெளிந்த இரவில். நிலத்தின் வெப்பம் கதிர்களாக மேலே போகிறது. தடுத்துத் திருப்பி அனுப்ப முகில் இல்லை. விடியும்போது கொழுந்து கருகிக் கிடக்கும். விண்வெளி மேகத்திலும் இதே கணக்குத்தான். வெப்பம் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு? சுற்றியுள்ள நட்சத்திரங்களின் ஒளி உள்ளே வரத் தூசி விடுவதில்லை. ஆனால் மேகத்தின் சொந்த வெப்பம் நீண்ட அலைகளாக வெளியேறுகிறது. அந்த அலைகளைத் தூசி தடுப்பதில்லை. காபனோரொட்சைட்டு மூலக்கூறுகளும் தூசித் துணிக்கைகளும் அந்த அலைகளை இடைவிடாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருக்கின்றன. வரும் வெப்பத்துக்குக் கதவு பூட்டு, போகும் வெப்பத்துக்கு ஜன்னல் திறப்பு. ஆகவே உள்ளே வெப்பநிலை 10 முதல் 20 கெல்வின் வரைதான். அதாவது பூச்சியத்துக்குக் கீழே 250, 260 பாகை செல்சியஸ்.

அடர்த்தி என்று சொல்லும்போதும் கவனம் தேவை. ஒரு கன சென்ரிமீற்றரில் ஒரு இலட்சம் மூலக்கூறுகள் இருந்தாலே அது அடர்ந்த மேகம். நம் மூக்கருகே உள்ள காற்றில் அதே இடத்துக்குள் கோடி கோடியாக, இருபது இலக்கங்களில் அடங்கும் எண்ணிக்கை இருக்கிறது. ஆய்வுகூடத்தில் நாம் வெற்றிடம் என்று சொல்வதிலும் கூட இதைவிட அதிகம் இருக்கும். ஆனால் பல ஒளியாண்டு அகலத்துக்கு இந்த மெல்லிய வாயு பரந்து கிடந்தால் மொத்தத் திணிவு ஆயிரக்கணக்கான சூரியன்களுக்குச் சமமாகிவிடும்.

குளிர் ஏன் முக்கியம் என்பதை 1902இலேயே ஜேம்ஸ் ஜீன்ஸ் என்ற பிரித்தானியர் கணக்காகச் சொல்லிவிட்டார். வாயுவை ஈர்ப்பு உள்ளே இழுக்கிறது. வெப்பத்தால் உண்டாகும் அமுக்கம் வெளியே தள்ளுகிறது. சூடான வாயு ஈர்ப்புக்கு அடங்காது. குளிர்ந்தால்தான் அமுக்கம் தளர்ந்து வாயு தன்னிலேயே இடிந்து விழும். குறிப்பிட்ட வெப்பநிலையிலும் அடர்த்தியிலும் எவ்வளவு வாயு சேர்ந்தால் இடிந்து விழும் என்று கணிக்க ஒரு சூத்திரம் உண்டு.

அந்தச் சூத்திரத்தில்தான் சிக்கல். 10 கெல்வின் வெப்பநிலை, ஒரு கன சென்ரிமீற்றருக்கு ஒரு இலட்சம் மூலக்கூறு என்று போட்டுப் பாருங்கள். விடை சூரியனின் திணிவளவு, அல்லது அதிலும் குறைவு. அதாவது குளிர்ந்த அடர்ந்த மேகம் இடிந்து விழும்போது சின்னச் சின்ன உருண்டைகளாகத்தான் உடையும். பெரிய தாச்சி நிறைய மா பிசைந்து வைத்தும் கிடைப்பதெல்லாம் சின்ன ரொட்டி. முப்பது மடங்கு ரொட்டி எங்கிருந்து வந்தது? குளிர் இல்லாவிட்டால் நட்சத்திரமே இல்லை; குளிர் இருந்தால் பெரிய நட்சத்திரம் இல்லை. இதைத்தான் என் மருமகள் பாதையில் நின்றபடி, "அப்ப ஏலாதே சாச்சி?" என்று கேட்டாள். விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பதும் அதுவேதான்.

வெப்ப அமுக்கம் தவிர வேறேதோ வாயுவைத் தாங்கிப் பிடித்து, அது அவசரப்பட்டுச் சிறு துண்டாக உடையாமல் காக்க வேண்டும். இந்த இடத்தில் தமிழர் ஒருவர் வருகிறார்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தார். வளர்ந்ததும் படித்ததும் சென்னையில். அவருடைய தாயார் சீதாலக்ஷ்மி, இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். வீட்டுச் சுவர்களுக்குள் அடைபட்ட ஒரு பெண்ணின் கதையை அந்தக் காலத்தில் ஒரு குடும்பத் தாய் உட்கார்ந்து தமிழாக்கினார் என்பதை, ஓர் இலக்கிய மலரில் எழுதும்போது சொல்லாமல் கடக்க முடியவில்லை. மகனின் ஆர்வத்தை அறிந்து அவரைக் கடல் கடந்து அனுப்புவதற்கு உறுதியாக நின்றவரும் அவரே. சந்திரசேகருக்கு 1983இல் நொபெல் பரிசு கிடைத்தது நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றிய ஆய்வுக்காக. முடியும் நட்சத்திரங்களைப் பற்றிய 'சந்திரசேகர் எல்லை'தான் நம் பாடசாலைகளில் பேசப்படும். தொடங்கும் நட்சத்திரங்களைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார் என்பது அவ்வளவு தெரிந்த செய்தி அல்ல.

1951இல் அவர், வாயு அமைதியாக இல்லாமல் கொந்தளித்துக்கொண்டிருந்தால் ஜீன்ஸின் கணக்கு எப்படி மாறும் என்று பார்த்தார். கொந்தளிப்பும் ஓர் அமுக்கம் போல நின்று வாயுவைத் தாங்கும் என்று வந்தது. அதன் பிறகு காந்தப் புலம். அதற்கு முன்கதை ஒன்று உண்டு. சில இரட்டை நட்சத்திரங்களின் ஒளி ஒரு குறிப்பிட்ட முறையில் முனைவாகியிருக்கும் என்று சந்திரசேகர் எதிர்வு கூறியிருந்தார். அதைத் தேடிப்போன ஹில்ற்னர் என்பவர் 1949இல் வேறொன்றைக் கண்டார்: நட்சத்திரத்தில் அல்ல, வழியில் உள்ள தூசியில் ஒளி முனைவாகிறது. நீள்வடிவான தூசித் துணிக்கைகள் காந்தப் புலத்துக்கு ஏற்ப ஒரே திசையில் அணிவகுத்து நிற்பதே காரணம். கண்ணுக்குத் தெரியாத காந்தக் கோடுகளைத் தூசி வரைந்து காட்டிவிட்டது.

திசை தெரிந்தது. வலிமை எவ்வளவு? 1953இல் சந்திரசேகரும் என்றிக்கோ ஃபெர்மியும் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். முற்றத்தில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்துக் கட்டிய கயிறு காற்றில் கொஞ்சம்தான் ஆடும். தொய்வாகக் கட்டியது அலைமோதும். கயிற்றில் எவ்வளவு பாரம், காற்று எவ்வளவு வேகம், கயிறு எவ்வளவு வளைந்து ஆடுகிறது என்ற மூன்றும் தெரிந்தால், கயிற்றைத் தொடாமலே அது எவ்வளவு இறுக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். விண்வெளியில் கயிறு என்பது காந்தக் கோடு. பாரம் வாயுவின் அடர்த்தி. காற்று கொந்தளிப்பின் வேகம். கோடு எவ்வளவு நெளிகிறது என்பதைத் தூசி காட்டுகிறது. இப்படிக் கணக்கிட்டு அவர்கள் நம் பால்வீதியின் சுருளில் உள்ள காந்தப் புலம் ஒரு கௌஸில் பத்து இலட்சத்தில் ஏழு பங்கு என்றார்கள். நம் மாணவியரின் திசைகாட்டி ஊசியைத் திருப்பும் புவிக் காந்தப் புலத்தில் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். கடதாசியும் பென்சிலும் கொண்டு செய்த அந்த மதிப்பீடு இன்றும் பெருமளவுக்கு நிற்கிறது. அமெரிக்கரான லெவரட் டேவிஸும் 1951இல் இதே எண்ணத்துக்கு வந்திருந்ததால் மூவர் பெயரையும் சேர்த்தே இம்முறையை அழைக்கிறார்கள்.

இம்முறை சரியான தொட்டிலுக்குப் போய்ச்சேர நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் எடுத்தன. 1990களின் பிற்பகுதியில், செந்நிறக் கீழ்க் கதிர்களில் பால்வீதியைப் படமெடுத்த ஐரோப்பிய, அமெரிக்கச் செய்மதிகளின் படங்களில் ஒரு புதுமை தெரிந்தது. செந்நிறக் கீழ்க் கதிர் தூசியை ஊடுருவக்கூடியது. ஆனால் அக்கதிரிலும் கறுப்பாகவே தெரியும் மேகங்கள் இருந்தன. சாதாரண இருண்ட மேகங்களை விட அவை அவ்வளவு கனம். பெரிய நட்சத்திரங்கள் இன்னும் பிறக்காத தொட்டில்கள் இவையாக இருக்கலாம் என்று எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.

திரும்பியவர்களுள் துஷாரா பிள்ளை என்ற பெண் விஞ்ஞானியும் ஒருவர். 2006இல் அவரும் கூட்டாளிகளும் ஜேர்மனியில் உள்ள எபெல்ஸ்பேர்க் என்ற 100 மீற்றர் வானொலித் தொலைகாட்டியால் இம்மேகங்களின் வெப்பநிலையை அளந்தார்கள். எதைக் கொண்டு? அமோனியாவைக் கொண்டு. குளிர்ந்த ஐதரசன் பேசாது. அது அலை எதையும் வெளியிடுவதில்லை. காபனோரொட்சைட்டு அதிகக் குளிரில் தூசியின் மேல் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. அமோனியா மட்டும் வாயுவாகவே நின்று தாக்குப்பிடிக்கிறது. அமோனியா மூலக்கூறு குடை வடிவம்: மேலே ஒரு நைதரசன், கீழே மூன்று ஐதரசன். ஆடி மாதத்துத் தென்மேல் பருவக் காற்றில் ஹட்டன் பஸ் நிலையத்தில் நம் குடை மறுபக்கம் மடிவதில்லையா, அதைப் போல இந்த மூலக்கூறும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றேகால் சென்ரிமீற்றர் அளவு அலைநீளத்தில் ஒரு வானொலி அலை. மூலக்கூறு எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதைப் பொறுத்து அந்த அலை மிகச் சிறிதளவு வேறுபடும். எந்த அலை எவ்வளவு வலிமை என்று ஒப்பிட்டால் வெப்பநிலை வந்துவிடும். பதினோராயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள மேகத்துக்கு வெப்பமானி வைத்தது இப்படித்தான். விடை, 10 முதல் 20 கெல்வின்.

2015இல் அவர் குழு அடுத்த அடியை வைத்தது. 'பாம்பு' என்று செல்லப் பெயர் பெற்ற நெளிந்த கரிய மேகம் ஒன்று. பால்வீதியின் மையத்தருகே 'செங்கல்' என்று அழைக்கப்படும் இன்னொன்று. இரண்டிலும் தூசியின் முனைவாக்கத்தைப் பார்த்து, சந்திரசேகரும் ஃபெர்மியும் சொன்ன அதே கொடிக்கயிற்றுக் கணக்கைப் போட்டார்கள். கயிறு இறுக்கமாகவே கட்டப்பட்டிருந்தது. கொந்தளிப்பு அதை ஆட்டுகிறது, ஆனால் அவிழ்க்க முடியவில்லை. செங்கலில் ஒரு இலட்சம் சூரியன்களுக்கு மேலான வாயு இருந்தும் நட்சத்திரப் பிறப்பு மிகக் குறைவு. காந்தப் புலம் வாயுவைத் தாங்கி, அது சிறு துண்டுகளாகச் சிதறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் பெரிய உருண்டையொன்று முழுதாகத் திரண்டு, அது அப்படியே பெரிய நட்சத்திரமாக இடிந்து விழுகிறதா? ஒரு சாரார் அப்படித்தான் எண்ணினர். மறுசாரார், எல்லா விதைகளும் முதலில் சிறியவைதான். மேகத்தின் நடுப்பள்ளத்தில் அமர்ந்த விதைக்கே சுற்றியுள்ள வாயு வந்து சேர்ந்துகொண்டிருக்கும், அது பெருக்கும் என்றனர். சிலியின் பாலைவனத்தில் 5,000 மீற்றர் உயரத்தில் அல்மா என்று 66 தட்டுகள் கொண்ட தொலைகாட்டித் தொகுதி இருக்கிறது. (காற்றில் ஈரமிருந்தால் அந்த அலைகள் தரைக்கு வராது. எங்கள் திம்புள்ளை மூடுபனிக்குள் அதை வைத்தால் ஒன்றும் தெரியாது, அதுதான் பாலைவனம்.) அதைக் கொண்டு இத்தகைய 12 குளிர் மேகத் திரள்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. உள்ளே கிட்டத்தட்ட 300 கருக்கள் இருந்தன. இன்னும் நட்சத்திரமாகாத கருக்களுள் சூரியனின் முப்பது மடங்கு திணிவுடையது ஒன்றுகூட இல்லை.

ஆகவே தராசு இப்போது இரண்டாவது பக்கம் சாய்ந்திருக்கிறது. பெரிய நட்சத்திரம் பெரிதாகப் பிறப்பதில்லை. சிறிதாகத் தொடங்கி ஊட்டி வளர்க்கப்படுகிறது. நீண்ட இழைகளாக வாயு ஓடிவந்து நடுவில் சேர்கிறது. நானு ஓயாவும் ஆக்ரா ஓயாவும் தங்கள் தங்கள் மலைத் தண்ணீரை எல்லாம் கொண்டுவந்து கொத்மலை ஓயாவில் சேர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காந்தப் புலமும் கொந்தளிப்பும் வாயு முழுவதும் முன்கூட்டியே சிறு உருண்டைகளாகத் தீர்ந்துவிடாமல் காத்துக்கொடுக்கின்றன. அதற்குள் நடுவில் உள்ளது பெருத்துவிடுகிறது. பெருத்தபின் அதன் ஒளியே வரும் வாயுவைப் பின்னுக்குத் தள்ளத் தொடங்கும். ஆனால் வாயு சுழன்று ஒரு தட்டாக வந்து சேர்வதால், ஒளி மேலும் கீழும் தப்பி ஓட, உணவு பக்கவாட்டில் வந்துகொண்டே இருக்கும். இதில் இன்னும் தீராத வாதங்கள் உண்டு. எல்லா மேகங்களிலும் ஒரே வழிதானா என்பதும் முடிவாகவில்லை.

இதையெல்லாம் அன்றிரவே சொல்லி முடிக்கவில்லை. மூன்று நான்கு இரவுகள் பிடித்தன. ஒருநாள் மச்சானும் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். துஷாரா பிள்ளையைப் பற்றிச் சொன்னபோது, நான் ஏன் சொல்கிறேன் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. "எல்லாம் சரி தங்கச்சி. அவங்க படிச்ச எடத்துல பௌதிகவியலுக்கு ஒரு டீச்சர் ஈந்திருப்பாங்க. எங்கட புள்ளைக்கு எங்க?" என்றார். அதில் பிழையில்லை. அவர் பெண் பிள்ளை படிக்கக் கூடாது என்று சொல்பவர் அல்ல. நானும் அந்தப் பாடத்துக்காக வீட்டை விட்டுக் கண்டியில் உறவினர் வீட்டில் இரண்டரை வருடம் இருந்தவள். முதல் முறை சித்தியடையாமல் மறுபடி எழுதியவள். அந்த இரண்டரை வருடம் வாப்பா எப்படித் தூங்கினார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. எங்கள் பக்கத்தில் தமிழ்மொழிமூலம் கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் ஆசிரியர் கிடைப்பது இன்றும் கஷ்டம். ஆகவே நான் மறுமொழி சொல்லவில்லை.

பாம்பு மேகம் தனுசு இராசிப் பக்கம் இருக்கிறது. அந்த மாதத்தில் அது ஸஹர் நேரத்தில் தென்கிழக்கே ஏறி நிற்கும். காட்டுங்கள் என்று அவள் விடாமல் கேட்டாள். இரண்டு நாள் மூடுபனி. மூன்றாம் நாள் ஸஹர் முடித்து வெளியே வந்தால் வானம் திறந்திருந்தது. உம்மா வாசலில் நின்று, தேயிலைக்குள் சிறுத்தை வருகிறது, படியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று சத்தமிட்டார். மச்சான் டோர்ச்சை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார்.

விருச்சிகத்தின் வாலுக்கு இடப்பக்கம் பால்வீதி தடித்துக் கிடந்தது. நடுவில் கறுத்த கீற்று. பாம்பு கண்ணுக்குத் தெரியாது, அது அந்தப் பக்கத்துக்கும் வெகு தொலைவில், அதன் முன்னால் உள்ள இருட்டைத்தான் பார்க்கிறோம் என்று சொன்னேன். "வாப்பா, லைட்ட அணைங்க" என்றாள். அவர் அணைத்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. கண் பழகப் பழகக் கீற்று அகலமானது.

"இவ்வளவு குளிருக்குள்ளயா?" என்று மச்சான் கேட்டார்.

"குளிர் இல்லாட்டி தொடங்கவே தொடங்காது வாப்பா" என்று அவள்தான் பதில் சொன்னாள். பிறகு ஜீன்ஸில் தொடங்கிக் கொடிக்கயிறு வரை அவரிடம் சொல்லிக்கொண்டே போனாள். இரண்டு இடத்தில் பிழை விட்டாள்; நான் திருத்தவில்லை.

சுபஹ் பாங்கு கேட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது மச்சான் என்னருகே வந்து, கண்டிக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.